தலைமாட்டில் காத்திருக்கும் நூல்கள்

இரவுச் செபம் முடிந்து, பங்கு இல்லத்தின் முன்கதவைத் தாழிட்டுவிட்டுக் கட்டிலருகே வந்து அமரும்போது நாள்தோறும் நம்மை எதிர்கொள்வது ஒரு சிறிய மரமேசை. அதன்மேல் ஒரு விளக்கு, ஒரு செம்பு நீர், மூக்குக்கண்ணாடிக் கூடு, செபமாலை. இவற்றுக்கு நடுவே ஐந்து நூல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. திருவிவிலியமும் திருப்புகழ்மாலையும் இந்தக் கணக்கில் சேரா. அவை அன்றாடம் திறக்கப்படுபவை. திறக்கப்படாமல் காத்திருப்பவற்றைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறோம்.

எழுதத் தூண்டியவர் நம் பங்கின் கோயில்பிள்ளை. எழுபதைக் கடந்தவர், எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். இடவப்பாதி மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலைப்பொழுதில், கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க அறைக்குள் வந்தவர், நூல்களின்மேல் படிந்திருந்த தூசியைத் தம் தோள்துண்டால் தட்டினார். பிறகு கேட்டார்: “சாமி, இத வாசிக்கியதுக்கு வச்சிருக்கா, வாசிக்காம இருக்கியதுக்கு வச்சிருக்கா?”

சிரித்துவிட்டோம். அவரும் சிரித்தார். ஆனால் அன்றிரவு அந்தக் கேள்வி நம்மை உறங்கவிடவில்லை. ஒவ்வொரு நூலையும் எடுத்து, எந்தப் பக்கத்தில் அடையாளச் சீட்டு நிற்கிறது என்று பார்த்தோம். ஒரு நூலில் பன்னிரண்டாம் பக்கம். மற்றொன்றில் நாற்பது. இன்னொன்றில் சீட்டே இல்லை. ஓர் ஆன்மச் சோதனையைப் போலவே அந்தச் சோதனை அமைந்துவிட்டது. அதன் பயனை வாசகரோடு பகிர்ந்துகொள்வது முறையென்று கருதுகிறோம். ஏனெனில் இத்தகைய அடுக்கு நம் கட்டிலருகே மட்டும் இருப்பதன்று.

காத்திருக்கும் ஐந்து நூல்கள் இவை: வீரமாமுனிவரின் தேம்பாவணி, ஹெப்சிபா ஜேசுதாசனின் புத்தம் வீடு, அழகிய நாயகி அம்மாளின் கவலை, பாமாவின் கருக்கு, எல்லாவற்றிற்கும் அடியில், பொன்னீலனின் மறுபக்கம்.

ஏன் வாசிக்கவில்லை என்று கேட்டால் உடனே நாவில் வரும் விடை ஒன்றே: நேரமில்லை. திருப்பலி, நோயாளர் சந்திப்பு, அன்பியக் கூட்டம், மறைக்கல்வி, பள்ளி அலுவல், எல்லைத் தகராறு, திருவிழாக் கணக்கு, நள்ளிரவில் நோயில்பூசுதலுக்கு வரும் அழைப்பு. இத்தனைக்கும் நடுவே எங்கே நூல் வாசிப்பது? கேட்பவரும் தலையசைத்து ஒப்புக்கொள்வார். ஆனால் இந்த விடை உண்மையன்று. அதற்குச் சான்று நம் அலமாரியிலேயே இருக்கிறது.

ஜோ டி குரூஸ் எழுதி 2004 இல் வெளிவந்த ஆழிசூழ் உலகு என்னும் நாவல் முன்பு இதே மேசையில் இருந்தது. தடித்த நூல். நெய்தல் நிலத்துப் பேச்சுமொழியில், உள்நாட்டாருக்கு எளிதில் பிடிபடாத சொற்களோடு எழுதப்பட்டது. காற்றின் பெயர், நீரோட்டத்தின் பெயர், மீனின் பெயர் என்று பக்கத்துக்குப் பத்துச் சொற்களில் நாம் தட்டுத்தடுமாறினோம். இருப்பினும் ஒன்பது இரவுகளில் அதை வாசித்து முடித்தோம். அந்த ஒன்பது இரவுகளிலும் கூட்டங்கள் இருந்தன, தகராறுகளும் இருந்தன. நேரம் எங்கிருந்து வந்தது?

நாவலின் சிறப்பு அதற்கு ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. கடலில் திக்கற்றுத் தவிக்கும் மீனவரின் நிலையை ஒருபுறமும், கரையில் தலைமுறைகளாகத் தொடரும் பகையையும் பாசத்தையும் மறுபுறமும் வைத்து, இரண்டையும் பின்னிச் செல்லும் கதைப்போக்கு அது. பரதவர் வாழ்வை அதன் உள்ளிருந்து எழுதிய நாவல்களுள் அதற்கு முதன்மையான இடம் உண்டு. பாத்திரங்கள் பெருகிக் கதைக்கிளைகள் சில இடங்களில் தடம் தெரியாமல் போகின்றன என்பது குறையே. எனினும் கடல் வரும் பக்கங்களில் அந்தக் குறை மறந்துபோகிறது.

ஆனால் நம் ஆர்வத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்த நாவலில் காகு சாமியார் என்னும் பங்குத்தந்தை வருகிறார். மக்களுக்காகவே வாழ்ந்து, அவர்களால் தந்தையாகவே போற்றப்படும் குரு. அவர் வரும் பக்கங்களை நாம் இருமுறை வாசித்தோம். அழகான கண்ணாடியொன்றைக் கண்டவர் அதன்முன் சற்று நின்று பார்ப்பது இயல்புதானே! நம்மை நல்லவராகக் காட்டும் நூலுக்கு நமக்கு எப்போதும் நேரம் இருக்கிறது.

இதனோடு சேர்த்துச் சொல்லவேண்டிய இன்னொரு நூல், தோப்பில் முஹம்மது மீரானின் ஒரு கடலோர கிராமத்தின் கதை. 1988 இல் நூலாக வந்தது. கருங்கல்லிலிருந்து பேருந்தேறினால் சிறிது நேரத்தில் சென்று சேரக்கூடிய தேங்காய்ப்பட்டணத்துக்காரர் அவர். 1944 இல் பிறந்து 2019 இல் மறைந்தவர். சாய்வு நாற்காலி என்னும் நாவலுக்காக 1997 ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமி விருதைப் பெற்றவர். தம் ஊர் இசுலாமிய சமூகத்தின் முதலாளித் திமிரையும், மதத்தின் பேரால் பாமர மக்களை ஏய்ப்போரையும், பள்ளிக்கூடம் வருவதை அஞ்சும் அறியாமையையும் அந்த நாவலில் அவர் ஒளிவுமறைவின்றி எழுதினார். எழுதியவர் அந்தச் சமூகத்தின் மகன் என்பதால் அந்தக் கண்டனத்தில் வெறுப்பில்லை, வேதனை இருக்கிறது. அகமதுக்கண்ணு முதலாளியின் வீழ்ச்சியைக்கூட வாசகர் மகிழ்ச்சியோடு பார்க்க முடியாதபடி எழுதியிருப்பதே அவர் கலையின் வெற்றி.

அந்த நூலை நாம் பலருக்குப் பரிந்துரைத்ததுண்டு. இளைஞர் கூட்டத்தில் பேசியதுண்டு. “தம் சமூகத்தின் குறைகளைத் தாமே எடுத்துரைக்கும் துணிவைப் பாருங்கள்” என்று மெச்சியதுண்டு. இன்று எண்ணிப் பார்க்கும்போது அந்த மெச்சுதல் நமக்கு எத்தனை எளிதாக இருந்தது என்பது புலப்படுகிறது. அடுத்த வீட்டார் தம் வீட்டைக் கூட்டிப் பெருக்குவதைத் திண்ணையில் அமர்ந்து பாராட்டுவதற்கு ஒப்பானது அது.

ஏனெனில் அதே துணிவோடு நம் வீட்டைப் பற்றி எழுதப்பட்ட நூல் நம் மேசையில் மூடிக்கிடக்கிறது. கருக்கு 1992 இல் மதுரையிலுள்ள இயேசு சபையாரின் சமூக ஆய்வு மையமொன்றால் வெளியிடப்பட்டது. அதன் ஆசிரியர் தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். ஏழை மாணவியருக்குப் பணியாற்றும் ஆவலில் கன்னியர் மடத்தில் சேர்ந்தவர். ஏழாண்டுகளுக்குப் பின் வெளியேறியவர். வெளியேறிய பிறகு தம் வாழ்வைத் திரும்பிப் பார்த்து எழுதிய நூல் அது.

நாம் குருமாணவராயிருந்த நாள்களில் அந்த நூல் கைமாறிக் கைமாறி வந்தது. அட்டை தெரியாதபடி பழைய நாட்காட்டித் தாளால் உறை போட்டிருந்தார்கள். யாரும் அதைத் தடை செய்யவில்லை. உறை போடச் சொன்னவரும் எவருமில்லை. நாமாகவே போட்டோம். ஏறத்தாழப் பாதிவரை வாசித்தோம். சிற்றூரும் விளையாட்டும் உணவும் உழைப்பும் வரும் பக்கங்கள் மனத்தைக் கவர்ந்தன. மடத்து வாழ்க்கையைப் பற்றிய பகுதிகள் வரத் தொடங்கியதும், தேர்வு நெருங்குகிறது என்று சொல்லி அடுத்தவரிடம் கொடுத்துவிட்டோம். பின்னாளில் சொந்தப் பணத்தில் ஒரு பிரதி வாங்கினோம். அதுவே இப்போது மேசையில் இருக்கிறது.

அண்மையில் மீண்டும் எடுத்துப் புரட்டியபோது ஒரு திறனாய்வாளராக நாம் வியந்த செய்தி ஒன்று உண்டு. அந்நாளில் பலரும் அதை ஒழுங்கற்ற நூல் என்றனர்; சொன்னதையே திரும்பச் சொல்கிறது என்றனர். நாமும் அவ்வாறே எண்ணினோம். இன்று அந்தத் திரும்பச் சொல்லுதலே நூலின் கட்டுமானம் என்று தோன்றுகிறது. பிறப்பு, வளர்ப்பு, கல்வி, பணி என்று வரிசையாகச் செல்லாமல், ஆசிரியர் ஒரே காயத்துக்கு மீண்டும் மீண்டும் வருகிறார். ஒவ்வொரு முறையும் வேறொரு பக்கத்திலிருந்து வருகிறார். ஒப்புரவு அருட்சாதனத்தில் பல்லாண்டுகள் அமர்ந்து கேட்டவர்க்கு இது புதிதன்று. நெஞ்சில் ஆழப் பதிந்த துயரத்தை யாரும் வரிசையாகச் சொல்வதில்லை. அவர் கையாளும் பேச்சுமொழியும் அவ்வாறே: அலங்காரத்துக்காக எடுக்கப்பட்டதன்று, வேறு மொழியில் சொன்னால் பொய்யாகிவிடும் என்பதால் எடுக்கப்பட்டது.

கருக்கு என்பது பனைமட்டையின் இருபுறமும் அமைந்த கூர்ப்பல். பனங்காட்டில் விறகு பொறுக்கியவர் கையை அது கீறாமல் விட்டதில்லை. இறைவார்த்தையை இருபுறமும் கூர்மையான வாளுக்கு ஒப்பிடும் எபிரேயர் திருமுகப் பகுதியை ஆசிரியர் தம் முன்னுரையில் இந்தத் தலைப்போடு இணைத்துக் காட்டுகிறார். எத்தனையோ முறை நாம் பீடத்திலிருந்து விளக்கிய மறைநூற் பகுதி அது. அந்த வாளின் ஒரு முனை நம்மை நோக்கியும் திரும்பியிருக்கிறது என்று சொல்லித்தர, மடத்தை விட்டு வெளியேறிய ஒருவர் வேண்டியிருந்தது. மடத்துக் கன்னியர் பலரின் ஓசையற்ற தியாகம் அந்த நூலில் போதிய இடம் பெறவில்லை என்று முறையிடலாம். அந்த முறையீட்டில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் முழுவதும் வாசித்தவரே அதைச் சொல்லும் தகுதியுடையவர். பாதியில் மூடியவர் சொல்லுதல் தகாது.

ஒரு காலத்தில் நம் திருச்சபையில் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியல் ஒன்று இருந்தது. 1559 இல் திருத்தந்தை நான்காம் பவுல் காலத்தில் உரோமையில் வெளியிடப்பட்டு, நான்கு நூற்றாண்டுகள் நீடித்து, இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்த மறு ஆண்டாகிய 1966 இல் அது சட்ட வலிமையை இழந்தது. அந்தப் பட்டியல் ஒழிந்ததைக் குறித்து நாம் மகிழ்கிறோம். ஆனால் ஒவ்வொருவர் தலைமாட்டிலும் ஒரு தனிப்பட்ட பட்டியல் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதற்கு ஆணையில்லை, கையொப்பமில்லை. பிறகு வாசிக்கலாம் என்னும் இரு சொற்களே அதன் சட்டம். உரோமையின் பட்டியலாவது தான் அஞ்சியதை வெளிப்படையாக அறிவித்தது. நம் பட்டியல் அந்த அளவுக்கும் நேர்மையானதன்று.

அச்சத்தால் மட்டுமன்று, மதிப்பாலும் ஒரு நூல் காத்திருக்கலாம். தேம்பாவணி அதற்கு எடுத்துக்காட்டு. இத்தாலி நாட்டில் 1680 இல் பிறந்து தமிழ்நாட்டுக்கு வந்த வீரமாமுனிவர் புனித சூசையப்பரை வளன் என்னும் தமிழ்ப் பெயரால் காவியத் தலைவராக்கி, மூன்று காண்டங்களில், முப்பத்தாறு படலங்களில், 3,615 பாடல்களில் இயற்றிய பெருநூல். அதைப் பற்றி நாம் பலமுறை மேடையில் பேசியிருக்கிறோம். குருமடத்தில் தேர்வுக்கென்று சில படலங்களைப் படித்ததும் உண்டு. முழுவதும் வாசித்தோமா என்றால் இல்லை. கணக்கிட்டுப் பார்த்தோம்: நாள்தோறும் ஒரு பாடல் வீதம் படித்தாலும் பத்தாண்டுகளில் முடிந்திருக்கும். குருப்பட்டம் பெற்று நாம் கழித்த ஆண்டுகளில் இருமுறை முடித்திருக்கலாம்.

கோயிலில் வெள்ளிப் பெட்டகத்துள் வைத்துப் பூட்டிய திருப்பண்டத்தைப் போல அந்த நூலை வைத்திருக்கிறோம். திருவிழாவன்று எடுத்துக் காட்டுகிறோம். முத்தி செய்து உள்ளே வைத்துவிடுகிறோம். போற்றுவதும் வாசிக்காமல் இருப்பதற்கு ஒரு வழியே. இந்த ஆண்டு நாம் படித்த சில நூறு பாடல்களைக் கொண்டு ஒன்று சொல்லலாம். தச்சர் ஒருவரைக் காவியத் தலைவராக்கத் துணிந்தது பெரும் புரட்சி. ஆனால் காவிய மரபின் அணிகளும் வருணனைகளும் அந்தத் தச்சரை அரச குமாரராகவே நம் கண்முன் நிறுத்திவிடுகின்றன. மரத்தூளும் வியர்வையும் அவற்றுள் மறைந்துபோகின்றன. இது முனிவரின் குறையா, அவர் ஏற்ற காவிய இலக்கணத்தின் குறையா என்பதை முழுவதும் வாசித்த பின்னரே துணிய இயலும். இத்தகைய ஐயம் எழுவதே அந்த நூலுக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதை என்று இப்போது எண்ணுகிறோம்.

அடுத்தது புத்தம் வீடு. 1964 இல் வெளிவந்த சிறிய நாவல். இதை இருபது வயதில் ஒருமுறை வாசித்திருக்கிறோம். இப்போது மறுவாசிப்புக்காகக் காத்திருக்கிறது. பனைவிளை என்னும் ஊரில், வாழ்ந்து கெட்ட கிறித்தவக் குடும்பமொன்றின் பெண் லிஸி. வயதுக்கு வந்ததும் படிப்பு நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் அமர்த்தப்படுகிறாள். தங்கள் பனைகளில் ஏறும் தொழிலாளியின் மகன் தங்கராஜை அவள் விரும்புகிறாள். இருவருக்கும் ஒரே மதம், ஒரே இனம். இருந்தும் நடுவே ஒரு மதில் நிற்கிறது. அந்த மதிலின் பெயர் தகுதி.

இருபது வயதில் அதை ஒரு காதற்கதையாக வாசித்தோம். இன்று ஞாயிறுதோறும் திருமண ஓலை வாசிக்கும் இடத்தில் நிற்கிறோம். எத்தனை சவரன், எவ்வளவு ரொக்கம், ரப்பர்த் தோட்டத்தில் எத்தனை சென்ட் என்னும் பேச்சு முடிந்த பிறகே அந்த ஓலை நம் கைக்கு வருகிறது என்பதும் நமக்குத் தெரியும். எனவே இம்முறை லிஸியின் கதை நம்மை வேறு வகையில் கேள்வி கேட்கும். ஹெப்சிபா ஜேசுதாசன் எந்த இடத்திலும் அறவுரை கூறுவதில்லை. செபமும் வேதவாசிப்பும் அந்த வீட்டில் காற்றைப் போல இயல்பாக இருக்கின்றன. ஆனால் அந்தச் செபம் ஒருநாளும் மதிலைத் தொடுவதில்லை. இதைச் சுட்டிக்காட்டாமலே உணரவைத்திருப்பது மிக உயர்ந்த எழுத்து. பிற்பகுதியில் வரும் கொலையும் வழக்கும் கதையைச் சற்று விரைவாக முடித்துவிடுகின்றன என்பதே நம் நினைவில் நிற்கும் ஒரே குறை.

கவலை காத்திருப்பதன் காரணத்தைச் சொல்வதற்கு நாணமாக இருக்கிறது. எழுத்தாளர் பொன்னீலனின் தாயார் அழகிய நாயகி அம்மாள் தம் வாழ்க்கையைத் தாமே எழுதிய தன்வரலாறு அது. பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1998 இல் அதை நூலாக்கியது. நம் மாவட்டத்து மூதாட்டிகள் பேசும் மொழி எந்த மெருகும் பூசப்படாமல் அதில் ஓடுகிறது. நாற்பது பக்கங்கள் வாசித்ததும் நம் பாட்டியின் குரல் காதில் விழத் தொடங்கியது. அத்துடன் மூடிவிட்டோம். காரணம் இதுதான்: பகலெல்லாம் பெண்களின் கவலைகளைக் கேட்டுவிட்டு இரவிலும் அதையே கேட்க வேண்டுமா என்னும் சலிப்பு.

ஆனால் நேர்மையாகப் பார்த்தால், பகலில் நாம் கேட்பது எவ்வளவு? இரண்டாம் வாக்கியம் முடிவதற்குள் நம் வாயில் அறிவுரை வந்துவிடுகிறது. பொறுத்துப் போ, செபமாலை சொல்லு, மகனை அனுப்பு, பேசிப் பார்க்கிறேன். சொல்ல வந்தவர் சொல்ல வந்ததை முடிக்காமலே எழுந்து போகிறார். நூலுக்கு அறிவுரை கூற முடியாது. அழகிய நாயகி அம்மாளை இடைமறிக்க நமக்கு வழியில்லை. அவர் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். விடை சொல்லியே பழகிய ஒருவருக்கு இதைவிட நல்ல பயிற்சி எது?

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஆம் ஆண்டு சூலை 17 ஆம் நாளிட்டு, உருவாக்கப் பயிற்சியில் இலக்கியத்தின் பங்கு பற்றி ஒரு மடல் எழுதினார். குருத்துவப் பயிற்சியை எண்ணி எழுதத் தொடங்கியதை எல்லாக் கிறித்தவருக்கும் உரியதாக விரித்ததாக அவரே குறிப்பிடுகிறார். இளமையில் இயேசு சபைப் பள்ளியில் இலக்கியம் கற்பித்தவர் அவர். இலக்கியம் என்பது பிறர் ஒருவரின் குரலுக்குச் செவிசாய்த்தல் என்னும் கருத்து அந்த மடலின் உயிர்நாடி. குருமடத்தில் புதினம் வாசிப்பதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிய தலைமுறையினர் நாம். நம் செவி எங்கே மந்தமாயிற்று என்பது அந்த மடலை வாசித்தபோது ஓரளவு விளங்கியது.

படுக்கையருகே நூல் என்றதும் கத்தோலிக்க வாசகருக்கு நினைவில் எழும் வரலாறு ஒன்று உண்டு. 1521 இல் பாம்பலோனாக் கோட்டைப் போரில் காலில் குண்டடிபட்ட இஞ்ஞாசியார், லொயோலா மாளிகையில் படுத்த படுக்கையாக இருந்தபோது தமக்குப் பிடித்த வீரசாகசக் கதைகளைக் கேட்டார். அந்த வீட்டில் அவை இல்லை. கார்த்தூசியத் துறவி லுடோல்ஃப் எழுதிய கிறித்துவின் வாழ்க்கையும் புனிதர் வரலாறுகளுமே கிடைத்தன. வேறு வழியின்றி அவற்றை வாசித்தார். பின்னர் நடந்ததை உலகம் அறியும். இந்த வரலாற்றைப் பக்தி நூல்களின் சிறப்புக்குச் சான்றாகவே நாம் எப்போதும் சொல்லி வந்திருக்கிறோம். அதில் இன்னொரு பாடமும் அடங்கியிருக்கிறது. அவரை மாற்றியது அவர் கேட்ட நூலன்று, கேட்காத நூல். விரும்பியதே கிடைத்திருந்தால் இஞ்ஞாசியார் கால் தேறிய படைவீரராக மட்டுமே எழுந்திருப்பார்.

இப்போது அடுக்கின் அடியிலுள்ள நூலுக்கு வருகிறோம். பொன்னீலனின் மறுபக்கம் 2010 இல் வெளிவந்த பெரிய நாவல். அடையாளச் சீட்டே இல்லாத நூல் இதுதான். நம் மாவட்டத்தைக் குலுக்கிய 1982 ஆம் ஆண்டு மண்டைக்காட்டுக் கலவரத்தை மையமாகக் கொண்டது என்பதால், வாங்கிய நாள் முதல் நாம் அதைத் திறக்கவில்லை. எனவே அதைப் பற்றித் திறனாய்வு ஏதும் கூறும் தகுதி நமக்கில்லை. அதை ஏன் திறக்கவில்லை என்பதை மட்டும் கூறலாம்.

1982 மார்ச் 1 அன்று, பகவதியம்மன் கோயில் மாசிக் கொடை நடந்துகொண்டிருந்த வேளையில் மண்டைக்காட்டில் மோதல் மூண்டது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மீனவர் உயிரிழந்தனர். அடுத்து வந்த நாள்களில் தீ ஊர் ஊராகப் பரவியது. அரசு அமைத்த நீதிபதி வேணுகோபால் ஆணையம் விசாரித்தது. சைவ ஆதீனத் தலைவரான குன்றக்குடி அடிகளார் நேரில் வந்து இரு தரப்பாரிடையேயும் அமைதிப் பணி ஆற்றினார். இவை ஏட்டில் உள்ளவை.

அப்போது நமக்குப் பன்னிரண்டு வயது. நம் பிறந்த வீடும் அடுத்த இந்துக் குடும்பத்தாரின் வீடும் ஒரு கிணற்றைப் பகிர்ந்திருந்தன. கிணறு அவர்கள் நிலத்தில் இருந்தது. கப்பிக் கயிறு எங்கள் வீட்டார் வாங்கிப் போட்டது. அந்த மார்ச் மாதத்தில் ஒருநாள் காலை, நம் தாயார் குடத்தை எடுத்துக்கொண்டு வாசல்வரை சென்று திரும்பிவிட்டார். சண்டையில்லை. யாரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. ஊரின் மறுகோடியிலிருந்த கோயில் கிணற்றிலிருந்து நீர் சுமக்கத் தொடங்கினோம். இரண்டொரு மாதங்களில் நம் நிலத்திலேயே ஒரு கிணறு தோண்டப்பட்டது. பாறை தடுத்ததால் வெடி வைக்க வேண்டியிருந்தது. அந்தக் கடனை அடைக்க நம் தந்தைக்கு நெடுங்காலம் பிடித்தது. பழைய கிணற்றில் எங்கள் கயிறு மட்டும் அற்றுப்போகும்வரை கிடந்தது.

அந்த ஆண்டைப் பற்றி நாம் மறையுரையிலும் பேச்சிலும் பலமுறை சொல்லியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் நம் பக்கத்து இறந்தோரையே எண்ணினோம். நம் பக்கத்து அச்சத்தையே விவரித்தோம். அடுத்த வீட்டில் அந்த இரவுகளில் யார் விழித்திருந்தார்கள், எதற்கு அஞ்சினார்கள் என்று நாம் சொன்னதில்லை. சொல்ல நமக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை. மறுபக்கம் என்னும் தலைப்பே நம்மைத் தடுத்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறோம். அந்த நூலைத் திறந்தால், நாற்பது ஆண்டுகளாக நாம் சொல்லி வந்த கதை பாதிக்கதை என்பது தெரிந்துவிடுமோ என்னும் அச்சம் அது. நாவலாசிரியர் கூறுவதனைத்தும் நமக்கு உடன்பாடாக இருக்கவேண்டும் என்பதில்லை. அவரோடு மாறுபடவும் நேரலாம். ஆயினும் மாறுபடுவதற்கும் முதலில் வாசித்தாக வேண்டும்.

ஒரு நூல் காத்திருப்பதன் காரணம் பெரும்பாலும் அந்த நூலில் இல்லை. தடிமனோ கடுமையோ நம்மைத் தடுப்பதில்லை. நம்மைப் புகழும் நூல் ஒன்பது இரவுகளில் முடிகிறது. பிறரைத் திருத்தும் நூல் பரிந்துரைக்கப்படுகிறது. நம்மைக் கேட்கும் நூல் அடுக்கின் அடிக்குச் செல்கிறது. எனவே தலைமாட்டு அடுக்கை மேலிருந்து கீழாக வாசிப்பதைவிடக் கீழிருந்து மேலாக வாசிப்பதே ஆன்ம நலத்துக்கு உகந்தது. அன்பு வாசகர்களும் இன்றிரவு தத்தம் அடுக்கில் அடியிலிருப்பது எது என்று ஒருமுறை பார்க்க வேண்டுகிறோம். வீட்டில் நூலே இல்லை என்போர் எழுந்து சென்று கேட்கத் தயங்கும் மனிதரை எண்ணிப் பார்க்கலாம். இரண்டும் ஒன்றே.

கோயில்பிள்ளை சென்ற ஞாயிறன்று மறுபடியும் அறைக்கு வந்தார். அடுக்கு மாறியிருப்பதைக் கண்டார். அடியிலிருந்தது மேலே வந்திருந்தது. உள்ளே ஒரு சீட்டும் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் விளக்கைச் சற்று நகர்த்தி வைத்துவிட்டுச் சென்றார்.

அடுத்த வீட்டு அம்மையார் இறந்து பல ஆண்டுகளாகின்றன. அவருடைய மகன், நம்மோடு ஒரே வகுப்பில் படித்தவர், அதே வீட்டில்தான் இருக்கிறார். ஊருக்குப் போகும்போதெல்லாம் வேலிக்கு அப்பால் நின்று நலம் விசாரிப்பார், நாமும் விசாரிப்போம். குழாய்நீர் வந்த பிறகு இரண்டு கிணறுகளிலும் யாரும் நீர் இறைப்பதில்லை. நூலை முடித்ததும் ஒருநாள் வேலியைக் கடந்து சென்று அவர் திண்ணையில் அமர்ந்து ஒன்று கேட்க எண்ணியிருக்கிறோம். அந்த மார்ச் மாதம் உங்கள் வீட்டில் எப்படி இருந்தது?